பழைய வீட்டு வயரிங்கை மாற்றுவது எப்படி: முதலில் வயர், அப்புறம்தான் போர்டு

பழைய வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போக ஆரம்பித்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: அந்தப் பழைய ஃபியூஸ் போர்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒரு எம்.சி.பி. பாக்ஸ் (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக ட்ரிப் ஆகி அணையும் ஸ்விட்ச்கள் உள்ள பெட்டி) மாட்டிவிடலாம். ஒரே நாளில் வேலை முடியும், சுவரை உடைக்க வேண்டாம், பார்க்கவும் நன்றாக இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் படுக்கையறையில் கெட்டுப்போன மீன் போல ஒரு வாடை. எலிதான் எங்கோ செத்துக் கிடக்கிறது என்று இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேடினோம். ஃபேனைப் போடப் போய் ஸ்விட்ச் போர்டின் மேல் உள்ளங்கை பட்டபோதுதான் சூடு தெரிந்தது. மெயினை அணைத்துத் தட்டைக் கழற்றினால், உள்ளே வயர் மேலிருந்த ரப்பர் உறை விரல் பட்டதும் காய்ந்த மரப்பட்டை மாதிரி உதிர்ந்தது. அதற்குள் இருந்த செம்பு கறுத்துப் போயிருந்தது. ஒரு ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்திருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

அந்த எட்டு மாதத்தில் புது எம்.சி.பி. ஒரு முறைகூட ட்ரிப் ஆகவில்லை. அதில் எந்தக் கோளாறும் இல்லை. எம்.சி.பி. பார்ப்பது எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை மட்டும்தான். தளர்ந்த ஒரு இணைப்பில் கரண்ட் அளவோடுதான் போகும், ஆனால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் எதிர்ப்பு கூடி, அங்கேயே சூடேறி, பிளாஸ்டிக்கும் பேக்லைட்டும் வெந்து அந்த மீன் வாடை வரும். அதனால் இந்தக் கட்டுரையை ஒரே ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன்: பழைய வயரின் தலையில் புதுப் போர்டை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

எதை நீங்கள் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்ப்பது, குறித்து வைப்பது, திட்டம் போடுவது, வேலை நடக்கும்போது கூட நின்று கேள்வி கேட்பது, இதெல்லாம் உங்கள் வேலை. போர்டைத் திறந்து இணைப்பது உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனின் வேலை. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டால் வீட்டில் கரண்டே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மீட்டரிலிருந்து மெயின் ஸ்விட்சுக்கு வரும் வயரும், ஸ்விட்சின் மேல் பக்கத்து டெர்மினலும் அப்போதும் உயிரோடுதான் இருக்கும். அதைத் தொட வேண்டிய வேலை என்றால் மின்வாரியமோ மின்சாரம் தரும் நிறுவனமோ வந்து வெளியே துண்டித்துத் தந்த பிறகுதான் தொட வேண்டும். இன்வெர்ட்டரோ சோலாரோ ஜெனரேட்டரோ இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். மெயினை அணைத்த அடுத்த நொடியே இன்வெர்ட்டர் ஓடி வந்து லைட் லைனுக்கு கரண்ட் கொடுத்துவிடும்.

டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை மட்டும் நம்பி வயரில் கை வைக்காதீர்கள். காலில் தடிமனான செருப்பு, உலர்ந்த தரை, பகல் வெளிச்சம், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே அந்தச் சின்ன நியான் விளக்கு எரிவது தெரியாமல் போகலாம். இரண்டு முனை வைத்து அளக்கும் வோல்டேஜ் டெஸ்டரோ மல்டிமீட்டரோ வேண்டும். அதையும் முதலில் கரண்ட் இருக்கும் ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்து, பிறகு அணைத்த இடத்தில் பார்த்து, மறுபடியும் கரண்ட் இருக்கும் பிளக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் மீட்டரே பழுதாகியிருந்தால் இந்த மூன்றாவது சோதனைதான் காட்டிக் கொடுக்கும்.

வீட்டில் என்ன வயரிங் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது

ஒரு நாள் பகலில் மெயினை அணைத்துவிட்டு, மேலே சொன்ன மாதிரி சோதித்துவிட்டு, எலெக்ட்ரீஷியனோடு சேர்ந்து நாலைந்து ஸ்விட்ச் போர்டுகளைத் திறந்து பாருங்கள். ஒன்று பார்த்தால் போதாது, ஏனென்றால் பழைய வீடுகளில் ஒவ்வொரு தலைமுறையும் ஏதோ ஒன்றைச் சேர்த்திருக்கும். ஹாலில் புது வயர் இருக்கும், அதே லைன் சமையலறைக்குப் போகும்போது ரப்பர் வயராக இருக்கும்.

துணி சுற்றிய வயரோ ரப்பர் உறை போட்ட வயரோ இருந்தால் அதிகம் யோசிக்க வேண்டாம், மொத்தமாக மாற்ற வேண்டியதுதான். ரப்பர் சூட்டிலும் காற்றிலும் இறுகி வெடிப்பு விடும். அசைக்காமல் இருக்கும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும், புது ஸ்விட்ச் மாட்டுகிறேன் என்று வளைத்த உடனே உதிரும். மரச் சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டிய பழைய வயரிங் கண்ணில் படும் இடத்தில் இருப்பதால் பார்ப்பதற்கு எளிது. ஆனால் அது சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும், அங்கேதான் உரசி உறை தேய்ந்திருக்கும். பீங்கான் குமிழ்களில் தனித்தனி வயராக இழுத்துக் கட்டும் முறை வட அமெரிக்காவில் 1880-களிலிருந்து 1930-கள் வரை இருந்தது. அதில் எர்த் வயரே கிடையாது, வயர் தன் சூட்டைக் காற்றில் விட்டுத் தணிந்துகொள்ளும்படி அமைத்தது. பிற்காலத்தில் பரணில் வெப்பக்காப்புப் பஞ்சை அதன் மேல் கொட்டி மூடிய வீடுகளில் அந்தச் சூடு போக வழியில்லாமல் ஆபத்தாகிவிட்டது.

அலுமினிய வயர் தனிக் கதை. 1960-களின் நடுவில் செம்பு விலை ஏறியபோது அமெரிக்காவில் வீட்டுக்குள்ளேயும் அலுமினியம் போட்டார்கள், 1973 வாக்கில் அது பெரும்பாலும் நின்றுபோனது. அலுமினியம் கரண்டைக் கடத்தும், அதில் சந்தேகம் இல்லை. சிக்கல் இணைப்பில்தான் இருக்கிறது. அதன் மேல் படியும் ஆக்சைடு கரண்டைக் கடத்தாது. சூட்டில் செம்பைவிட அதிகம் விரிந்து சுருங்கும். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி வழிந்து இணைப்பைத் தளர்த்திவிடும். அதைச் செம்போடு நேரடியாக முறுக்கி டேப் சுற்றியிருந்தால் ஈரம் பட்டு அரிக்கவும் செய்யும். முழுவதும் மாற்ற முடியாது என்றால் இரண்டு உலோகத்துக்கும் என்றே வரும் கனெக்டர்களை முறையான கருவியால் அழுத்தி ஒவ்வொரு முனையிலும் செம்புத் துண்டு சேர்க்கலாம். ஒரு முனை விட்டுப்போனாலும் பயனில்லை.

நிறத்தை வைத்து எது ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), எது நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்) என்று முடிவு செய்யாதீர்கள். பிரிட்டனின் பழைய வயரிங்கில் கறுப்பு நியூட்ரல், அமெரிக்காவில் கறுப்பு ஃபேஸ். பிரிட்டனிலேயே 2004-இல் சிவப்பு, கறுப்பு போய்ப் பழுப்பு, நீலம் வந்தது. அதற்கெல்லாம் மேல், கையில் கிடைத்த நிறத்தைப் போட்டுவிட்டுப் போன கைகள் எல்லா ஊரிலும் உண்டு.

பழைய ஃபியூஸ் போர்டில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். முதலாவது, நியூட்ரலிலும் ஃபியூஸ் இருக்கிறதா என்பது. அந்த நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் லைட் எரியாது, ஃபேன் ஓடாது, எல்லாம் செத்துக் கிடப்பது போலத் தெரியும், ஆனால் ஃபேஸ் அப்படியே ஹோல்டர்வரை வந்து நிற்கும். பல்ப் மாற்ற ஏணியில் ஏறியவரைத் தூக்கி எறிவது இதுதான். இரண்டாவது, ஃபியூஸ் கட்டைக்குள் வெள்ளை நாரோ, போர்டுக்குப் பின்னால் சாம்பல் நிறப் பலகையோ இருக்கிறதா என்பது. பழைய போர்டுகள் சிலவற்றில் அது ஆஸ்பெஸ்டாஸ். அப்படிச் சந்தேகம் வந்தால் அதைத் துளைக்கவோ சுரண்டவோ உடைக்கவோ கூடாது, அதற்கென்று உள்ளவர்களைக் கொண்டு முழுசாகக் கழற்ற வேண்டும்.

மெகர் வைக்காமல் முடிவெடுக்காதீர்கள்

கண்ணுக்குத் தெரிவது ஸ்விட்ச் போர்டில் இருக்கும் அரை அடி வயர்தான். பைப்புக்குள் ஓடும் மீதி வயரின் நிலையைச் சொல்வது இன்சுலேஷன் டெஸ்டர், நம் ஆட்கள் மெகர் என்பார்கள். கரண்டைத் துண்டித்து, பல்புகளைக் கழற்றி, பிளக்கில் இருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு லைனிலும் 500 வோல்ட் டி.சி. கொடுத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளப்பார்கள். 230 வோல்ட் வீட்டுக்கு 1 மெகாஓம் என்பது குறைந்தபட்ச எல்லை. நல்ல வயர் நூற்றுக்கணக்கில் காட்டும். 2 அல்லது 3 காட்டினால் தேர்ச்சிதான் என்று விட்டுவிடாதீர்கள், அந்த லைனில் ஏதோ நலிந்துகொண்டிருக்கிறது. எல்.இ.டி. டிரைவர், ஃபேன் ரெகுலேட்டர் எதையாவது கழற்ற மறந்தால் அந்த 500 வோல்ட்டில் அவை கெட்டுப்போகலாம், அளவும் தப்பாக வரும்.

இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எந்த லைனை மாற்றுவது, எது இன்னும் பத்து வருடம் ஓடும் என்பதை இந்தத் தாள்தான் சொல்லும். கையில் காசு குறைவாக இருந்தால் முதலில் எதைச் செய்வது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

லோடு கணக்கு

பழைய வீட்டைக் கட்டியபோது ஒரு அறைக்கு ஒரு பல்ப், ஒரு ஃபேன். இன்று அதே வயரில் ஏ.சி., வாட்டர் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 3000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர், 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9. இரண்டும் ஒரே லைனில் இருந்தால் 22. 120 வோல்ட் நாடுகளில் அதே வாட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும். வயரில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதை மறக்க வேண்டாம்: கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

இனி எம்.சி.பி. எவ்வளவு போடுவது? இங்கேதான் நான் பார்த்த பாதித் தப்புகள். எம்.சி.பி. இருப்பது ஏ.சி.யைக் காப்பாற்ற இல்லை, சுவருக்குள் இருக்கும் வயரைக் காப்பாற்ற. அதனால் வயரின் அளவைப் பார்த்துத்தான் எம்.சி.பி. சாதாரணமாக 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5-க்கு 16, 4-க்கு 20 அல்லது 25, 6-க்கு 32 என்று வைத்துக்கொள்ளலாம். 2.5 ஸ்கொயர் பி.வி.சி. வயர் பைப்புக்குள் 24 ஆம்பியர் தாங்கும் என்று சர்வதேச அட்டவணை சொல்கிறதே, ஏன் 16 என்று கேட்பார்கள். அந்த 24 என்பது சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரி என்றால்தான். 45 டிகிரிக்கு 0.79-ஆல் பெருக்க வேண்டும், 19 ஆகிவிடும். அதே பைப்பில் இன்னொரு லைனும் போனால் 0.8, அப்போது 15. ஆக, வெயில் காலத்தில் பைப்பில் கூட்டம் இருந்தால் 16-கூட இறுக்கம்தான். ட்ரிப் ஆகிறதே என்று அதே வயரில் 32-ஐ மாட்டிவிட்டுப் போகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். 32 ஆம்பியர் எம்.சி.பி. 40 ஆம்பியரைக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்கக்கூடும், அதற்குள் அந்த வயரின் உறை இளகியிருக்கும்.

ஏ.சி. ஒவ்வொன்றுக்கும், ஹீட்டருக்கும், அடுப்புக்கும் போர்டிலிருந்து நேராக ஒரு தனி லைன். ஃப்ரிட்ஜுக்கும் தனி என்றால் நல்லது. ஒரு அறையின் லைட்டும் பிளக்கும் ஒரே எம்.சி.பி.யில் வேண்டாம், பிளக்கில் ஷார்ட் ஆனால் இருட்டில் தடவ வேண்டியிருக்கும்.

எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும்

எம்.சி.பி. இருந்தால் ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 10 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 10 ஆம்பியர் வரை எல்லாம் சாதாரணம். மனித உடம்புக்கு அதில் நூறில் ஒரு பங்கான 0.1 ஆம்பியர் உயிரை எடுக்கப் போதும். ஒருவர் துடித்துக்கொண்டிருக்கும்போது எம்.சி.பி. அசையாது.

சரி, எர்த் இருக்கிறதே என்றால், அதையும் கணக்கு போட்டுப் பாருங்கள். பள்ளம் தோண்டி எர்த் குழாய் இறக்கிய வீடு, எதிர்ப்பு 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம், நல்ல எர்த்தான். வாஷிங் மெஷின் உடம்பில் ஃபேஸ் பட்டால் 230-ஐ 5-ஆல் வகுக்க 46 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. உடனே விழ, அதாவது ட்ரிப் ஆக, 80-இலிருந்து 160 ஆம்பியர் வேண்டும். 46-இல் அது சூடாகித்தான் விழும், அதற்கு நொடிக்கணக்கில் ஆகும். அவ்வளவு நேரமும் அந்த மெஷினின் தகடு உயிரோடு இருக்கும். ஆர்.சி.சி.பி. என்பது போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இல்லாவிட்டால் துண்டிக்கும் ஸ்விட்ச். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் இதே கசிவில் 40 மில்லிநொடிக்குள் துண்டித்துவிடும். எர்த் கசிவுக்கு வழி கொடுக்கிறது, ஆர்.சி.சி.பி. அதைப் பார்த்து வெட்டுகிறது, இரண்டும் வேண்டும். ஆனால் ஒரே நேரத்தில் ஃபேஸையும் நியூட்ரலையும் பிடித்தவரை ஆர்.சி.சி.பி.யாலும் காப்பாற்ற முடியாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய வீட்டில் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகக் கட்டியிருப்பார்கள். அந்த இரும்புக் குழாயில் எங்கோ ஒரு முழம் பிளாஸ்டிக் மாற்றிய அன்றே எர்த் போய்விட்டது, யாருக்கும் தெரிந்திருக்காது. எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எர்த் வயர் ஒவ்வொரு மூன்று முனை பிளக்குக்கும், ஒவ்வொரு உலோகப் பெட்டிக்கும் போக வேண்டும். நியூட்ரலை பிளக்கின் எர்த் துளையோடு இணைத்துச் சமாளிப்பது கொலைக்குச் சமம். எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஃப்ரிட்ஜின் உடம்பெல்லாம் 230 வோல்ட்.

பழைய வயரிங்கில் ஆர்.சி.சி.பி. மாட்டியதும் அது நிற்காமல் விழும். பலருக்கு இது நடந்து, "மெஷின் சரியில்லை" என்று சொல்லி அதை பைபாஸ் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. மாடி லைட்டுக்கு ஃபேஸ் ஒரு லைனிலிருந்தும் நியூட்ரல் வேறு லைனிலிருந்தும் இரவல் வாங்கியிருப்பார்கள், அல்லது ஏதோ பெட்டிக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது உண்மையிலேயே ஈரச் சுவருக்குள் கசிவு இருக்கும். ஒவ்வொரு லைனாகக் கழற்றி, எது விழச் செய்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முழு நாள் ஆகலாம். அந்த நாளைக் கொடுங்கள்.

வேலை நடக்கும்போது

பைப் நல்ல நிலையில் இருந்தால் பழைய வயரின் முனையில் புது வயரைக் கட்டி இழுத்தே மாற்றிவிடலாம், சுவரில் கை வைக்க வேண்டாம். இழுக்கும்போது மாட்டிக்கொண்டால் பலம் போட்டு இழுக்காதீர்கள், உறை உரிந்து வரும். பைப்பின் உள்ளளவில் 40 சதவீதத்துக்கு மேல் வயரை அடைக்கக்கூடாது. புதிதாகக் காடி வெட்டினால் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலாகவோ நேர் கிடையாகவோ மட்டும், குறுக்குச் சாய்வாக வேண்டவே வேண்டாம், நாளைக்கு ஆணி அடிப்பவருக்கு அது தெரியாது. பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்த அந்தப் போட்டோக்களை மூன்று வருடமாக அலமாரி மாட்டும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பைப்புக்குள் ஜாயின்ட் கூடாது. எந்த இணைப்பும் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதில் கனெக்டர் போடச் சொல்லுங்கள். பல இழைகள் கொண்ட பிசிறு வயருக்கு முனையில் லக் (உலோகத் தொப்பி) போட்டு அழுத்திய பிறகே ஸ்க்ரூவில் நுழைக்க வேண்டும். ஸ்விட்ச் எல்லாம் ஃபேஸைத்தான் வெட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய வீட்டில் நியூட்ரலை வெட்டும் ஸ்விட்ச் கட்டாயம் ஒன்றாவது இருக்கும்.

வயரெல்லாம் முடிந்த பிறகு போர்டு. குளியலறைச் சுவரிலோ துணி அலமாரிக்குள்ளோ ஈரம் கசியும் இடத்திலோ வைக்காமல், இருட்டில் கை நீட்டினால் எட்டும் உயரத்தில் வைக்க வேண்டும். ஆர்.சி.சி.பி. ஒன்றே ஒன்று போட்டால் ஒரு ஹீட்டர் கசிந்தாலும் வீடு முழுக்க இருண்டுபோகும், இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். ஒவ்வொன்றின் நியூட்ரலுக்கும் தனி நியூட்ரல் பட்டை இருக்க வேண்டும், கலந்தால் மறுபடியும் விழ ஆரம்பிக்கும். நாலைந்து இடம் காலியாக விடுங்கள், காலி இடங்களுக்கு மூடி போட மறக்காதீர்கள். ஸ்க்ரூக்களை எம்.சி.பி.யில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவரால் (முறுக்கும் விசையை அளந்து காட்டுவது) முறுக்குவது நல்லது. எங்கள் வீட்டில் அந்த அரைச் சுற்றுதானே எல்லாவற்றுக்கும் காரணம். மின்னல் அதிகம் விழும் பகுதி என்றால் திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் சேர்த்துவிடுங்கள். தளர்ந்த இணைப்பில் பறக்கும் தீப்பொறியைக் கண்டுபிடித்துத் துண்டிக்கும் ஏ.எஃப்.டி.டி. என்ற கருவியும் இப்போது வருகிறது, பணம் இருந்தால் படுக்கையறை லைன்களுக்காவது போடலாம்.

வேலை முடிந்ததும் மறுபடியும் மெகர், எர்த் அளவு, ஒவ்வொரு பிளக்கிலும் ஃபேஸ், நியூட்ரல், எர்த் சரியான துளையில் வருகிறதா என்ற சோதனை, ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லிநொடியில் விழுகிறது என்ற சோதனை. பழைய தாளுக்குப் பக்கத்தில் புதுத் தாளையும் வைத்துப் பாருங்கள். அப்புறம் எந்த எம்.சி.பி. எந்த அறை என்று எழுதி போர்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு, முதல் மாதம் ஹீட்டரும் ஏ.சி.யும் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அந்தந்த ஸ்விட்ச் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்க வைக்கும் சூடு என்றால் அந்த லைனை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அன்றே கூப்பிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை, மாற்ற வேண்டும்.